வாத்துக்குக் கட்டிய வலை

குழந்தை பட்டாணி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் பெரியவளால் தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவள் தலையில் தீவனக் கூடையோடு வந்தால் எதிரே வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்காத குறையாக ஒதுங்குவார்கள். வாத்து வளர்க்கிற வீட்டு வாடை அப்படி, எத்தனை முறை குளித்தாலும் கூடவே வரும். இப்போதோ ஆளாளுக்கு அவளை நிறுத்தி வைத்துப் பேசினார்கள்.

"உன் கண்ணுல மட்டும் படலைன்னா இந்நேரம் அந்தப் புள்ள ஏது?" என்றாள் தையல்காரி, மெஷினை விட்டு எழுந்து வந்து. அவள் யாருக்காகவும் எழுந்து வருகிறவள் இல்லை.

மில்லுக்காரர் தவிட்டு மூட்டையைக் கட்டுவதற்கு முன் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். "உசுரைக் காப்பாத்தின கை அதும்மா" என்றார்.

பெரியவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "கொஞ்சமாவது பெருமை இருக்கா பாரு அவளுக்கு" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. ஊர் தலைமேல் தூக்கி வைத்து ஆடும்போது சொகுசாக உட்கார்ந்துகொள்கிறவர்கள் உண்டு. இவளுக்கு அந்த உயரமே ஆகவில்லை.

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்கு வந்தவர்கள் பெரியவளும் சின்னவளும். வீடு இரண்டு, அடுப்பு இரண்டு, பின்கட்டு மட்டும் ஒன்று. அந்தப் பின்கட்டில்தான் வாத்துப்பட்டி, முட்டை கழுவும் தொட்டி, தீவனம் வேகவைக்கும் பெரிய அடுப்பு, பாசிக்குழி எல்லாம். பெரியவளின் புருஷன் அறுவடை முடிந்த வயல்களாகப் பார்த்துப் பாதி மந்தையை ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். சின்னவளின் புருஷன் டிராக்டர் ஓட்டுகிறவன். பெரியவளுக்கு ஒரே மகன், வளர்ந்து நகரத்தில் வேலைக்குப் போய்விட்டான். ஆகவே இப்போது அந்த வாசலுக்கே ஒரு பிள்ளை, சின்னவள் பெற்ற பட்டாணி. இரண்டு வயது. உருண்டையாக, கைக்கு அகப்படாமல் உருண்டு ஓடுகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

பாசிக்குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு கட்டில் அகலத்துக்குத் தோண்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டு, அதன் மேல் பச்சைப்பாசி வளர்த்திருந்தார்கள். வாத்துக்கு அது கல்யாண விருந்து. முட்டையின் கருவுக்கு நல்ல நிறம் வரும். ஆனால் அவற்றின் இஷ்டத்துக்கு விட்டால் ஒரே காலையில் மொட்டையடித்துவிடும். அதனால் சுற்றிலும் குச்சி நட்டுப் பழைய மீன்வலையைக் கட்டி, மேலேயும் இழுத்து மூடியிருந்தாள் பெரியவள். பாசி அள்ளும்போது ஒரு பக்கத்து வலையைச் சுருட்டி மேலே மாட்டுவாள். அள்ளி முடித்ததும் இறக்கிவிடுவாள். தண்ணீர் அவளுக்கு முழங்கால்கூட வராது. பாசி நன்றாகப் படர்ந்துவிட்டால் தண்ணீர் இருப்பதே தெரியாது, மழைக்குப் பிந்தைய புல்தரை மாதிரி இருக்கும்.

அந்த வீட்டில் தண்ணீருக்குப் பயப்படாமல் இல்லை. பட்டாணி எழுந்து நின்ற வாரமே அவன் அப்பன் ஏரிக்குப் போகிற சந்துவழியை முள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டான். கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டான். "ஏரிப்பக்கம் தலைவச்சுப் படுத்தே, காலை ஒடிச்சிடுவேன்" என்று, பேசக்கூடத் தெரியாத பிள்ளையிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் வண்டி எடுப்பான். ஊருக்கே பயமெல்லாம் ஆழத்தைப் பார்த்துத்தான். முழங்கால் தண்ணீருக்கு யார் பயப்படுவார்கள்?

அன்று காலை வாத்துகளுக்குத் தடுப்பூசி போட ஆள் வருவதாக இருந்தது. அதனால் ஒன்றைக்கூட வெளியே விடாமல் பட்டியிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். அடைபட்ட கோபத்தில் அவை போட்ட கூச்சல் காதைக் கிழித்தது. சின்னவள் பெரிய அடுப்பில் தவிடும் குருணையும் கிளறிக்கொண்டிருந்தாள். அது அடிப்பிடித்தால் வாத்து தொடாது, ஒரு நிமிஷம்கூடத் துடுப்பை விட முடியாத வேலை. பெரியவள் வலையைச் சுருட்டி மாட்டிவிட்டு, சல்லடைக்கூடையால் பாசி அள்ளித் தண்ணீர் வடியவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பட்டாணி அங்கதான் வரான், பாத்துக்கோங்க. என்னால அடுப்பை விட்டு நகர முடியாது" என்று சின்னவள் சத்தம் கொடுத்தாள்.

"ம்" என்றாள் பெரியவள்.

அவன் வந்தான். வடிந்த பாசியில் ஒரு பிடி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, பெரியம்மா சிரிக்கிறாளா என்று பார்த்தான். அவள் சிரித்தாள். அப்போது தெருவில் முட்டை வண்டி ஹாரன் அடித்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார் முட்டை வண்டிக்காரர். அடுக்கி வைத்த முட்டை அட்டைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். கையை உதறிக்கொண்டு எழுந்தவள், வலையை இறக்கக் கை நீட்டினாள். பிறகு, வாத்துதான் அடைச்சுக் கிடக்கே, வந்து மறுபடி அள்ளத்தானே போறோம் என்று நினைத்து, வலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள்.

வாசலில் வண்டிக்காரர் போன தடவை கீறல் விழுந்த முட்டைகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். அவள் தன் பக்க நியாயத்தைச் சொன்னாள். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் இல்லை, பேச்சுக்குப் பேச்சு, அவ்வளவுதான். அட்டைகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, பச்சைப் பாசிக்கு நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது.

பட்டியிலிருந்து எதுவோ தப்பித்து வந்து மேய்ந்திருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "எந்தச் சனியன்டா உள்ள பூந்தது" என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே திரும்பிப் போய், பட்டிக் கதவில் சாத்தியிருந்த குச்சியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு வந்து கறுப்புத் தண்ணீரைக் கிண்டப் போனபோதுதான் பாசிக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குதிகால் வெள்ளையாக மேலே வந்தது.

அதன் பிறகு நடந்ததை ஊரே சொல்லும். பெரியவள் குழியில் விழுந்து பிள்ளையைத் தூக்கினாள். அவள் போட்ட சத்தத்தில் வண்டிக்காரர் அடுக்கிக்கொண்டிருந்த முட்டை அட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பக்கத்து வீட்டு ஆள், "காலைப் பிடிச்சுத் தலைகீழா சுத்துங்கய்யா" என்று கத்தினார். "தொடாதே, தள்ளு" என்று வண்டிக்காரர் பிள்ளையைத் தரையில் கிடத்தி, வாயிலிருந்த பாசியை விரலால் வழித்தெடுத்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். டிரைவர்களுக்கு நடந்த ஏதோ ஒரு வகுப்பில் வேண்டாவெறுப்பாகக் கற்றுக்கொண்டது அது. நெஞ்சை அழுத்தினார், மறுபடி ஊதினார். சின்னவள் துடுப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அழவில்லை. அடுப்பில் தீவனம் கருகிப் புகைந்தது. கடைசியில் பட்டாணி பச்சையாக வாந்தியெடுத்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். குச்சி எடுக்கப் போனது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளைக்கு மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். நெடுநேரம் கழித்து அவள் கேட்டாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"என்னது?"

"அவனைப் பாத்துக்கோங்கன்னு சொன்னேனா, இல்ல சொன்னதா நினைச்சுக்கிட்டேனா? எவ்வளவு யோசிச்சாலும் எனக்குத் தெளிவா வரமாட்டேங்குது. மண்டையில அந்த வாத்துச் சத்தம்தான் இருக்கு."

இதைப்போல நேராக ஒரு கேள்வி வரும் என்று பெரியவள் நினைக்கவே இல்லை. "சொன்னே" என்பதற்கு ஒரு வினாடி போதும். அந்த வினாடியில் அவள் எதிரே நின்ற கொழுந்தனைப் பார்த்தாள், அவன் கண் சிவந்திருப்பதைப் பார்த்தாள்.

"எனக்குக் காதுல விழலையேம்மா" என்றாள்.

"அதான்" என்றாள் சின்னவள். "அப்படித்தான் இருக்கும். வாய்க்குள்ளயே சொல்லிட்டேன் போல."

அவள் உடனே ஒத்துக்கொண்டதுதான் பெரியவளை அதிகம் வதைத்தது. மல்லுக்கு நின்றிருந்தால்கூட உண்மை வாயில் வந்திருக்கும். ஒரு பொய்யை இவ்வளவு மரியாதையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டவளிடம் பிறகு என்ன பேசுவது?

கொழுந்தனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. "புள்ளைய யார் கையிலயும் குடுக்காம அவுத்துவிட்டுட்டு அடுப்புல நின்னிருக்கா" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். "அண்ணி மட்டும் அந்தப் பக்கம் திரும்பி வரலைன்னா, நான் இன்னைக்கு யார் மூஞ்சில முழிக்கிறது?"

"விடுங்க தம்பி" என்றாள் பெரியவள்.

"நீங்க சும்மா இருங்கண்ணி. உங்களுக்கு நல்ல மனசு. அவளுக்காகப் பேசாதீங்க."

வீடு திரும்பியதும் இனிமேல் சின்னவள் வாத்து வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டான். அவள் ஒரு நீளத் துணியால் பட்டாணியை இடுப்போடு கட்டிக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி துவைக்கும்போதும் அவன் அந்தத் துணியின் நீளத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, துணி முறுக்கிக்கொண்டதும் விழுந்து அழுதான். அவள் முறுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினாள். பெரியவள் தனியாக அடுப்புக்கும் குழிக்கும் பட்டிக்கும் ஓடினாள். தீவனம் தினமும் அடிப்பிடித்தது. சோற்றுத் தட்டில் முட்டையை வைத்தால் அந்த வெள்ளைக் குதிகால் நினைவுக்கு வரும். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொள்வாள்.

பேசச் சந்தர்ப்பம் வராமல் இல்லை. ஒருநாள் இருவரும் முட்டை கழுவும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். சின்னவள் பிள்ளையின் துணியை அலச வந்திருந்தாள்.

"ஏம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்கா. உங்களுக்கு நான் வாய்விட்டு ஒரு நன்றிகூடச் சொல்லலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னுதான்." சின்னவள் துணியைப் பிழிந்தாள். "நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"தவிடு தீந்துபோச்சுன்னு" என்றாள் பெரியவள்.

நர்ஸம்மா வந்தது அந்த வாரத்தில்தான். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் அந்த ஒரு நர்ஸம்மாதான், சைக்கிளில் வருவார். கறாரான ஆள். வந்ததும் உட்காரவில்லை, பின்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். வாளிகளைக் கவிழ்த்தார், தொட்டியில் கையை விட்டுப் பார்த்தார், குழிக்கருகே வந்து நின்றார்.

"ஆழம் எவ்வளவு?"

"முழங்கால்கூட இல்லைங்க."

"சின்னப் புள்ளைக்கு ஒரு வாளித் தண்ணி போதும். குப்புற விழுந்தா எழுந்திருக்கத் தெரியாது. சத்தமும் வராது, நீங்க பக்கத்துலயே நின்னாலும் கேக்காது." வலையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே கட்டியிருக்கீங்க. இது எதுக்கு?"

"வாத்து நுழையாம இருக்கறதுக்குங்க."

நர்ஸம்மா வலையிலிருந்து கையை எடுத்தார். குற்றம் சொல்லும் முகம் காட்டவில்லை. ஆனால் அந்தப் பதிலைத் தானே தன் காதால் கேட்டபோது பெரியவளுக்குக் கூசிப்போனது. கம்பி வேண்டாம், சிமென்ட் வேண்டாம், எல்லாம் ஏற்கனவே அங்கே இருந்தது. இறக்கிவிடுவதற்கு ஒரு கை போதும். ஒரு வாத்து வெளியே சுற்றிக்கொண்டிருந்திருந்தால்கூட அவள் அந்த வலையை மறக்காமல் இறக்கிவிட்டுத்தான் போயிருப்பாள்.

"எல்லா ஊர்லயும் ஒரே கதைதான்" என்றார் நர்ஸம்மா. "அம்மாக்காரி அடுப்புல இருக்கற நேரம், அப்பன் வேலைக்குப் போன நேரம், காலைப்பொழுது. அந்தக் கொஞ்ச நேரம் எல்லாக் குட்டிகளையும் ஒரே இடத்துல வச்சுப் பாத்துக்கிட்டா பாதிப் பிரச்சினை தீந்துடும். விதை மூட்டை அடுக்கற பழைய கொட்டகை சும்மாதான கிடக்கு? அரைக்கதவு போட்டுக்கலாம், புள்ள தாண்ட முடியாது. ஆளு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் நீங்க."

"நானா?"

"ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் சொல்றாங்க. அவங்ககிட்ட குடுத்தா கவலை இல்லைங்கறாங்க."

அவள் வேண்டாம் என்றாள். வாத்து வேலை இருக்கிறது என்றாள், இடுப்பு வலி என்றாள். நர்ஸம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கூட்டத்துக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் அந்தக் கொட்டகையிலேயே நடந்தது. பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தும் விதை மூட்டையின் பூச்சிமருந்து வாடை போகவில்லை. பிள்ளைகள் வைத்திருக்கிற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தையல்காரி தன் இரட்டைப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் இடுக்கிக்கொண்டு வந்து, "இதுங்களைக் காலையில யாராவது வாங்கிக்கிட்டா அவங்களுக்குக் கோயில் கட்டுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தன் வாசற்பக்கம் நின்றான். சின்னவள் மூலையில், இடுப்புத் துணியோடு. பட்டாணி அந்தத் துணியின் நுனியில் உட்கார்ந்து தரையில் சிந்திக் கிடந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நர்ஸம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். "இப்போ இவங்க பேசட்டும். அன்னைக்கு எப்படிப் பாத்தாங்க, என்ன பண்ணாங்கன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்."

பெரியவள் எழுந்தாள். ஊர் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான், அவளுக்கே மனப்பாடம். "பாசி அள்ளலாம்னு திரும்பி வந்தேன். பாசிக்கு நடுவுல கறுப்பாத் தெரிஞ்சுது" என்றாள். அங்கே நிறுத்தினாள்.

"உடனே குதிச்சுட்டா" என்று தையல்காரி எடுத்துக் கொடுத்தாள்.

"இல்லை" என்றாள் பெரியவள். "உடனே குதிக்கலை. வாத்து பூந்துடுச்சுன்னு நினைச்சேன். பட்டிக்குப் போயி குச்சி எடுத்துட்டு வந்தேன்."

"எதுக்குக் குச்சி?" என்றார் நர்ஸம்மா.

"வாத்தை விரட்ட. அவன் தண்ணிக்குள்ள கிடக்கான், நான் குச்சி எடுக்கப் போறேன். எவ்வளவு நேரமிருக்கும்னு தெரியாது. பட்டிக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம்னு வந்து பாருங்க."

ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வலையைத் தூக்கிவிட்டதும் நான்தான். வாத்து அடைச்சுக் கிடக்குதுன்னு இறக்காமப் போனேன். அந்த வலை வாத்துக்குன்னுதான் என் புத்தியில இருந்துச்சே தவிர, புள்ளைக்குன்னு தோணவே இல்லை. அவ மேல தப்பு இல்லை. அவ புள்ளைய என்கிட்ட குடுத்துட்டுத்தான் அடுப்புல நின்னா. பாத்துக்கோங்கன்னு சொன்னா."

"காதுல விழலைன்னீங்களே அண்ணி" என்றான் கொழுந்தன். அவன் குரல் குழம்பியிருந்தது.

"பொய் சொன்னேன்."

சின்னவள் எழுந்தாள். அவளோடு சேர்ந்து துணியும் பிள்ளையும் எழ வேண்டியிருந்தது.

"சத்தமாச் சொன்னேனாக்கா?"

"சத்தமாத்தான் சொன்னே. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ம்னு சொன்னேன்."

"என் மண்டையில ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்" என்றாள் சின்னவள். "புள்ளையப் பாத்துக்கச் சொன்னமா இல்லையான்னுகூடத் தெரியாதவ, நம்மளை நாமளே எப்படி நம்பறதுன்னுதான் இதைக் கட்டிக்கிட்டுத் திரியறேன்." அவள் அழவோ கத்தவோ இல்லை. பட்டாணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கொழுந்தன் அவள் பின்னால் போவதா, இருப்பதா என்று தெரியாமல் நின்று, பிறகு போனான்.

அதற்குப் பிறகு கொட்டகையில் ஆளுக்கொரு பேச்சு. "யாருக்கு வேணா நடக்கலாம்" என்றாள் ஒருத்தி. "நடக்கலாம், மறைக்கலாமா?" என்றாள் இன்னொருத்தி. அது நியாயமான கேள்வியாகத்தான் பெரியவளுக்குப் பட்டது. "நான் வரலை, வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று கிளம்பினாள்.

நர்ஸம்மா விடவில்லை. "ரெண்டு பேர் வேணும்னு நான் சொன்னதே, ஒருத்தர் கண்ணு ஒரு நேரம் தவறும்னுதான்" என்றார். "அது தவறாதுன்னு நினைக்கற ஆளு எனக்கு வேண்டாம்."

தையல்காரி இரட்டையர்களில் ஒருவனின் மூக்கைத் துடைத்தாள். "எனக்குக் கோயில் கட்டற செலவு மிச்சம்" என்றாள். "என்னோடதுங்களை நான் விடறேன். ஆனா இன்னொரு ஆளா நானும் கூட உக்காருவேன், மெஷினைத் தூக்கிட்டு வந்து."

இப்படித்தான் கொட்டகை ஆரம்பமானது. அரைக்கதவு போட்டார்கள், தாழ்ப்பாளை வெளிப்பக்கம் உயரத்தில் வைத்தார்கள். காலையில் அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள், வெயில் ஏறும்போது போவார்கள். சிலர் கொண்டுவந்து விட்டார்கள், சிலர் விடவில்லை. புகழ்ந்து பேசிய மில்லுக்காரர் இப்போது தவிட்டைச் சரியாகத் தட்டி அளந்தார். பெரியவளுக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

ஒரு மாலை கொழுந்தன் மண்வெட்டியோடு பின்கட்டுக்கு வந்தான். பாசிக்குழியை மூடப் போவதாகச் சொன்னான். பெரியவள் வலையைப் பிரித்துச் சுருட்டினாள், வாளியால் தண்ணீரை இறைத்தாள். அவன் மண்ணை வெட்டித் தள்ளினான். பாதி மூடியபோது அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்லியிருந்தா உங்களையும் ஏதாவது பேசியிருப்பேன் அண்ணி. அதுக்காக நான் அவளைத் திட்டட்டும்னு விட்டுட்டீங்களே."

"ஆமா தம்பி."

"ஆஸ்பத்திரியில நான் பேசினதெல்லாம் அவ காதுல விழுந்துச்சு. இப்போ நான் எப்படி மன்னிப்புக் கேட்டாலும், சரி சரிங்கறா. அந்தச் சரியக் கேக்கவே பயமா இருக்கு."

பெரியவள் வெளியே நீட்டியிருந்த தார்ப்பாய் முனையைக் குழிக்குள் மடித்துத் தள்ளினாள். ஈரமண் வாடை எழுந்தது. பட்டியிலிருந்த வாத்துகள் தங்கள் விருந்து பறிபோவதைப் பார்த்துக் கூச்சல் போட்டன.

சின்னவள் வாத்து வேலைக்குத் திரும்பி வந்தாள், பட்டாணியை முதுகில் கட்டிக்கொண்டு. துடுப்பைப் பிடித்துத் தீவனம் கிளறினாள். வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். "தவிடு போதுமா?" "போதும்." "வண்டி எப்போ வரும்?" "நாளைக்கு." பேச்சுக்குப் பேச்சு அக்கா என்று கூப்பிடுகிறவள், இப்போது அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்புச் சூட்டில் முதுகில் கிடந்த பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்க்குரு போட்டது. "கொட்டகைக்கு அனுப்பேன்" என்று பெரியவள் எப்படிச் சொல்வாள்? சொல்லவில்லை.

மழைக்காலம் பிறந்தது. எங்கே பார்த்தாலும் குட்டைகள், வண்டித்தடங்களில்கூடத் தண்ணீர். ஒரு காலையில் கொட்டகையில் தையல்காரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அவள் காலடியில் முட்டை அட்டைகளை அடுக்குவதும் தள்ளுவதுமாக இருந்தார்கள். அரைக்கதவுக்கு வெளியே யாரோ வந்து நின்ற நிழல் விழுந்தது.

சின்னவள்தான். நனைந்திருந்தாள். முதுகில் துணி இல்லை. பட்டாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெரியவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். சின்னவள் பிள்ளையின் கையைத் தூக்கி நீட்டினாள். பெரியவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் சின்னவள் தன் பிடியை விடவில்லை. அந்தச் சின்னக் கை இரண்டு பெண்களின் கையிலும் இருந்தது.

"பாத்துக்கோங்க" என்றாள்.

தொண்டைக்குள் பழைய வழக்கத்தில் அந்த "ம்" கிளம்பி வந்தது. பெரியவள் உதட்டை இறுக்கி அதை விழுங்கினாள். சின்னவள் காத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டாள்.

"என்கிட்ட இருக்கான்" என்றாள் பெரியவள். குரல் கம்மியது.

"கேக்கலை."

"பட்டாணி என்கிட்ட இருக்கான். நீ வந்து என் கையிலிருந்து வாங்கற வரைக்கும் என்கிட்டதான் இருப்பான்."

சின்னவள் கையை விட்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். "தீவனம் அடிப்பிடிச்சிடும், போறேன்கா" என்றாள். சேற்றில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போய் அந்தச் சத்தம் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாளா, அவள் முகம் எப்படி இருந்தது என்று பெரியவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உயிரே துடித்தது. ஆனால் அவள் பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.